இருபத்திரண்டு பாகை

முதலில் கண்டுபிடித்தது டொக்டர் அல்ல,
அம்பயர்.
பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆட்டம், நாலாவது ஓவர்.
கையைப் பக்கவாட்டில் நீட்டி "நோ போல்" என்றார்.
கோட்டைத் தாண்டிவிட்டேனா என்று காலைப் பார்த்தேன்.
அவர் என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தை எறிகிறேனாம்.
மற்ற அணிப் பெடியன்களுக்கு ஒரே சிரிப்பு.
கோச் வெயிலில் வைத்துக் கையைப் பிடித்து நிமிர்த்தினார்.
நிமிரவில்லை.
எப்ப இருந்து என்றார்.
எனக்கே அப்போதுதான் தெரியும்.

வெள்ளைக் கோட்டைத் தெரியும். அது வேறு கதை.
தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கி
கொச்சிக்கடைக் கோயிலில் காற்றுக்குச் சரிந்து வடிந்த
மெழுகுதிரி மாதிரி
உறைந்து, பளபளத்து,
ஓரத்தில் மட்டும் கத்தரிப்பூ நிறம்.
தேமல் என்றது பார்மசி. ஆறு மாதம் பூசினோம்.
சூடு என்று அம்மா செவ்விளநீர் வாங்கினாள்.
கீழ்வீட்டு ரெஜினா அன்ரி ஒன்றும் சொல்லவில்லை,
எனக்குத் தேத்தண்ணி தந்த கோப்பையை மட்டும்
தனியே கவிழ்த்து வைத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் விடிய ஐந்தரைக்கே வரிசை.
எங்களுக்கு எண்பத்தேழு.
தோல் கிளினிக் வாங்கில் யாரும்
யாருடைய தோலையும் பார்ப்பதில்லை.
எல்லோருக்கும் சுவரில் ஏதோ வாசிக்க இருக்கிறது.

டொக்டர் வீரக்கொடி கோட்டின்மேல் கிள்ளிப் பார்த்தார்.
கிள்ளுப்படவில்லை.
பக்கத்தில் கிள்ளினார். "ஆ" என்றேன்.
"ஹொந்தய், நல்லம்" என்றார்.
பென்சில் தடிப்பில் வட்டமாய் ஒரு துண்டு எடுத்து
போத்தலில் போட்டு, எனக்கொரு தையல்.
இரண்டு கிழமை.

மோர்பியா.
அம்மாவுக்கு அது மோர்பின் என்று கேட்டது.
மஹரகமையில் அப்பாவுக்குக் கடைசியாகக் கொடுத்தது.
வாங்கில் அப்படியே இருந்துவிட்டாள்.
தாதி ஃபரீனாதான் தோளைத் தொட்டுச் சொன்னாள்:
"அது இல்ல அக்கா, இது வேற.
தொத்தாது. குட்டமும் இல்ல.
இவர்ட உடம்பே இவர்ட தோல இறுக்குது.
வளர்ற வயசு. எலும்பு நீளும், இந்தத் தோல் நீளாது.
அதுதான் டொக்டருக்கு அவசரம்."

வெள்ளிக்கிழமை மட்டும் மஞ்சள் மாத்திரை.
தினமும் போட்டால் ஆபத்து என்று
சிவப்புப் பேனையால் மூன்று தரம் கீறித் தந்தார்கள்.
மாதாமாதம் இரத்தம்.
இடையில் ஸ்டீரொய்ட். கன்னம் ஊதி
வகுப்பில் எனக்குப் பணிஸ் என்று பெயர்.
இப்போதெல்லாம் வியாழன் பின்னேரமே குமட்டுகிறது.
வயிறு எப்படியோ கலண்டர் பார்க்கப் பழகிவிட்டது.

பிசியோ வேறு கட்டடம்.
சுடுமெழுகில் கையைத் தோய்த்தெடுத்து,
மெழுகின்மேல் மெழுகு,
பாகைமானி வைத்து மிஸ் அளந்தாள்.
கணிதப் பெட்டிக்குள் கிடக்கும் அதே சாமான்,
கொஞ்சம் வளர்ந்து கால் முளைத்தது.
நிமிர இன்னும் இருபத்திரண்டு பாகை.

அன்றிரவு கோச் வட்ஸ்அப்பில் விதியை அனுப்பினார்.
வளைந்த கை குற்றமில்லையாம்.
வளைந்தது போடும்போது நிமிர்ந்தால்தான் எறிவு.
அப்படியென்றால் அம்பயர் பிழை.
நான் ஒருநாளும் எறியவில்லை,
எறியத்தான் என்னால் முடியாதே.
மிஸ்ஸிடம் சொன்னேன்.
சிரித்துவிட்டு இன்னும் அழுத்தினாள்.
"சரி, இங்க குற்றம் செய். நிமிர்த்து."

இன்றைக்குப் பத்தொன்பது.
கோடு அப்படியே. ஓரத்துக் கத்தரிப்பூ மட்டும் வெளிறியிருக்கிறது.
டொக்டர் அதைத்தான் நெடுநேரம் பார்த்தார்.
"போயிடுமா?" என்றாள் அம்மா.
அடையாளம் நிற்குமாம். நோய் நிற்குமா என்று
பார்ப்போமாம்.
ஒரே சொல் இரண்டு பக்கமும் நின்றது.

மருதானைச் சந்தியில் பஸ் அசையவில்லை.
மேல்கம்பிக்கு அந்தக் கையையே தூக்கினேன்.
இரண்டு விரல் பட்டது.
முன்சீட்டுப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தா,
"தேமலா தம்பி?"
"இல்லை, மோர்பியா" என்றேன்,
கூட வந்த ஆளை அறிமுகப்படுத்துகிற மாதிரி.

நாளைக்கு வெள்ளி.
அம்மா இப்போதே தேசிக்காய் வாங்கிவிட்டாள்.